‘அந்தரங்கம்’ என்று எழுதிய கவர்

ஜூன் 8

வாலுக்கு,

போனில் நீ “சரிம்மா, வைக்கட்டுமா” என்பதற்குள் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. காகிதத்தில் யாரும் என்னை வைக்கச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. மருந்தாளுநர் சங்கத்தில் ஆறு வாரப் பயிற்சி, தனி மேஜை, சுழல் நாற்காலி, எல்லாம் வாசித்தேன். சந்தோஷம். உன் அப்பாவும் வாசித்துவிட்டு, “இதுல செயலாளர் மேடம் எத்தனை தடவை வர்றாங்கன்னு எண்ணினியா?” என்று கேட்டார். நான் ஏன் எண்ணப்போகிறேன்? பதினேழு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ‘மருந்தை எடுக்கும்போது ஒரு தடவை, எண்ணும்போது ஒரு தடவை, கொடுக்கும்போது ஒரு தடவை பெயரை வாசிக்கணும்னு மேடம் சொன்னாங்க, எவ்வளவு எளிமை!’ என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பத்து வயதிருக்கும்போது நம் கடைக் கவுண்டருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்காரவைத்து இதையே யார் சொன்னது? அன்றைக்குக் கொட்டாவி விட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. முடியை மேடம் மாதிரியே தூக்கிக் கட்டுகிறேன் என்றாயே, உனக்கு நெற்றி பெரிது. யோசித்துக்கொள்.

அம்மா

ஜூன் 14

அன்புள்ள அம்மா,

என் நெற்றி உன் நெற்றிதான். புகாரைக் கண்ணாடியிடம் சொல்.

காலையில் வரும் தபாலையெல்லாம் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. அப்புறம் தவறு அறிக்கைகள். ‘ஒரே மாதிரிப் பெட்டி, மாற்றிக் கொடுத்துவிட்டேன்’ என்று மருந்துக்கடைக்காரர்கள் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். பெயரை நீக்கி, மற்றவர்கள் படித்து எச்சரிக்கையாக இருக்கிற மாதிரி சுருக்கவேண்டும். நான் முதலில் எழுதியதை மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். “தப்பு பண்ணினவங்களைத் திட்டற மாதிரி இருக்கு. உங்க அம்மாவுக்கு எழுதற மாதிரி எழுதுங்க” என்றார். அப்படியே எழுதினேன். அச்சுக்குப் போய்விட்டது!

இன்னொரு விஷயம். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் இங்கேயே உதவியாளராக இருக்கச் சொல்கிறார். முப்பதாம் தேதி குழு கூடி முடிவு செய்யும். எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. கடையை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேசியிருந்தோம், மறக்கவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

உன் வாலு

ஜூன் 18

வாலுக்கு,

நான் என்ன சொல்வேன்? நல்ல இடம், நல்ல மனிதர்கள். தாராளமாக இரு. கடைப் பலகையில் உன் பெயரையும் சேர்த்து எழுதப் பெயின்டரிடம் பேசியிருந்தேன். வேண்டாம் என்றால் போகிறது. உனக்கென்று வாங்கிய மேஜைமேல் இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். “மேஜை என்ன பாவம் பண்ணிச்சு?” என்கிறார் அப்பா.

உங்கள் மேடத்துக்குப் பிள்ளைகள் உண்டா? சும்மாதான் கேட்டேன்.

அம்மா

ஜூன் 24

அம்மா,

இன்று காலை பன்னிரண்டு கவர்கள் வந்தன. ஏழாவதில் உன் கையெழுத்து. எனக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். செயலாளர் பெயர் போட்டு, மேலே சிவப்பு மையில் ‘அந்தரங்கம்’. அப்படி எழுதினால் அவர் மட்டும்தான் பிரிப்பார் என்று நினைத்தாயா? இங்கே வருகிற புகார்களில் பாதி அப்படித்தான் வருகிறது. எல்லாவற்றையும் நான்தான் பிரிக்கவேண்டும்.

‘என் மகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், அவளுக்கு வீட்டுக்கு வந்துவிடவே விருப்பம்.’ நான் எப்போது சொன்னேன்? அதுகூடப் போகட்டும். ‘எனக்குப் பார்வை மங்கிவருகிறது, மருந்துப் பெட்டியில் இருக்கும் எழுத்தே தெரிவதில்லை, அவள் இல்லாமல் கடை நடத்த முடியாது.’ போன மாதம் எனக்குப் பட்டன் தைக்க ஒரே தடவையில் ஊசி கோத்தவள் நீ. யாரிடம் இதைச் சொல்கிறாய் என்று யோசித்தாயா? எழுத்து தெரியாமல் மருந்து கொடுக்கிறேன் என்று ஒரு மருந்தாளுநரே கையெழுத்துப் போட்டு அனுப்பினால், சங்கம் அதை உரிமப் பிரிவுக்கு அனுப்பியே ஆகவேண்டும். உன் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள். உன் கடை, அம்மா!

அரைமணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. முடியவில்லை. பதிவேட்டில் ஏற்றினேன். எண் 412. எழுதியது என் அம்மா என்று மேடத்திடமும் சொன்னேன். “உண்மையா?” என்று மட்டும் கேட்டார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

எழுதியவர்தான் அதைத் திரும்பப் பெறமுடியும். எழுத்தில், காரணத்தோடு, திங்கட்கிழமைக்குள்.

மகள்

ஜூன் 26

வாலுக்கு,

நேற்று உன் கடிதம் கூரியரில் வந்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். பலகையில் கடைசி வரிவரை வாசித்துக் காட்டினேன். “அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?” என்று கேட்டார். அவர் கொடுத்த சான்றிதழையும், திரும்பப் பெறும் கடிதத்தையும் கூரியரில் அனுப்புகிறேன்.

காரணம் என்ற இடத்தில் முதலில் ‘தவறுதலாக’ என்று எழுதினேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, “தவறுதலா ஒரு பக்கம் முழுக்கவா எழுதினே?” என்றார். கிழித்துப்போட்டுவிட்டு ‘பொறாமை’ என்று எழுதினேன். உங்கள் மேடம் அதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

அவர்மேல்தான் பொறாமை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். என் படிப்பின் கடைசி வருடத்தில் இதே மாதிரி ஒரு பயிற்சிக்கு என் பெயரும் வந்தது. நான் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, பயமாக இருந்தது, அவ்வளவுதான். உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. 412 என்று நீ எழுதியதை வாசித்தபோது, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கைப்பையில்தான் போட்டிருப்பேன் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதோடு வயிறும் எரிந்தது. பெற்ற மகளைப் பார்த்து வயிறு எரியலாமா? எரிந்தது.

முப்பதாம் தேதி கேட்டால் சரி என்று சொல். அம்மா பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்.

அம்மா