குரங்கை எடுத்துக் கொடுத்த கை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமியார் எழுதுவது.

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் என் மகன், போனைக் காதில் வைத்துக்கொண்டு. பின்பக்க மேஜையில் நீங்கள், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு ரம்பத்தின் செயினைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். வெளியே நம் வேன்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் இரண்டும்தான் தெரிந்தது. வாசல் ஸ்டூலில் நான். பழைய சட்டையைக் கிழித்து எண்ணெய் துடைக்கத் துணி போட்டுக்கொண்டிருந்தேன். வேறு ஈ காக்கை இல்லை. இது எனக்கு அன்றைக்கும் தெரியும், மறுநாளும் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். யாரிடமாவது சொல்லி எழுத வைத்திருக்கலாம், ஆனால் இதை எந்த வாயால் சொல்வேன்? உங்கள் மனைவியும் குழந்தையும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறார்கள். நீங்கள் ஏதோ குடோனில் மூட்டை தூக்குவதாக மரம் வெட்டுகிறவர் ஒருவர் வந்து சொன்னார். ரம்பம் பழுது பார்க்கிற கடை எதிலும் உங்களைச் சேர்க்கவில்லையாம். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

வாடகைக்கு விடுகிற செயின் ரம்பங்களுக்கு நாம் வைத்த பெயர்கள்தான் எனக்குத் தெரியும், கம்பெனிக்காரன் பெயர் வாயில் நுழையாது. ஆனால் அன்றைக்கு எது எங்கே இருந்தது என்று கேளுங்கள். எருமை பெரிய மரம் சாய்க்கிறவரிடம் போயிருந்தது. நீளத் தகடு, கனம், அடிமரத்துக்கு அதுதான். வயர் வால் நீண்ட ரம்பம் தச்சரிடம், பிளக் இருக்கிற இடத்தில்தான் அதற்கு வேலை. பேட்டரியில் ஓடுகிற ஊமையை ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கிப் போயிருந்தார்கள், நோயாளிகளுக்குச் சத்தம் ஆகாது என்று. கோல் நீண்ட கொக்கு உங்கள் மேஜையில் பிரித்துக் கிடந்தது. எல்லா வேலைக்கும் தோதான நடுவனை வேலி போடுகிறவர் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை. சுவரில் மிச்சம் இருந்தது குரங்கு ஒன்றுதான்.

குரங்கைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் எனக்கு மனப்பாடம். அதற்குப் பின்னால் பிடி கிடையாது, தலைக்கு மேல் பிடி. கயிறு கட்டி மரத்தில் தொங்குகிறவன் ஒடுக்கமான இடத்தில் வளைத்துப் பிடிக்கத் தோதாகக் கம்பெனிக்காரன் அப்படிச் செய்திருக்கிறான். தரையில் நிற்கிறவன் கையில் கொடுத்தால் இரண்டு கையும் கிட்டக் கிட்ட வந்துவிடும், தகட்டின் மூக்கு எகிறினால் அமுக்க முடியாது. சின்னதாக இருக்கிறதே என்று ஒற்றைக் கையால் வேறு பிடிப்பான். அதனால்தான் எட்டாத உயரத்தில் கொக்கி அடித்து மாட்டினீர்கள். மரம் ஏறுகிறவர் வந்து கேட்டாலும் கயிற்றையும் இடுப்புப் பெல்ட்டையும் காட்டாமல் இறக்க மாட்டீர்கள். உங்களுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்துச் சிரித்தவளும் நான்தான்.

அன்றைக்குப் போனில் கேட்டவர் ரொட்டிக்கடைக்காரர். காற்றில் அவர் கொல்லையில் மரம் விழுந்துவிட்டது, தொடைப் பருமன், துண்டு போட வேண்டும், வேனில் கொடுத்தனுப்புங்கள் என்றார். உங்களிடம் கேட்டிருந்தால் நடுவன் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருப்பீர்கள். என் மகனுக்குத்தான் இல்லை என்று சொல்ல நாக்கு எழாதே! இதோ அனுப்புகிறேன் என்று போனை வைத்தான். என்னை எழுப்பிவிட்டு என் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினான்.

ஏண்டா, மாப்பிள்ளை அதைத் தொடக் கூடாதுன்னு சொல்வாரேன்னு நான் கேட்டேன். நாலு கிளை வெட்ட என்னம்மா, எல்லாம் ரம்பம்தானே என்றான். மாப்பிள்ளை, நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டேன். அவன் இறங்கி, சாக்கில் சுற்றிக் கட்டி, வேனில் வைத்தான். உங்கள் காதில் மூடி. வேன்காரர் வண்டிக்கு அடியில். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் மனைவி மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். புருஷன் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்திருக்கிறார், அது எகிறித் தோள்பட்டையைக் கிழித்துவிட்டது என்று அழுதாள். குரங்கை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டாள். எந்த வேலைக்கு எதுன்னு பார்த்துக் கொடுக்கிறது மாப்பிள்ளைதான், நேற்றும் அவர்தான் கொடுத்தார் என்று என் மகன் நாக்கூசாமல் சொன்னான். நான் அதைத் தொடவே இல்லை என்றீர்கள் நீங்கள். உடனே எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மகளும்தான். அம்மாவைக் கேளுங்க, அவங்க எதையும் மறக்க மாட்டாங்க என்று அவளே சொன்னாள்.

ஞாபகம் இல்லை என்றேன்.

என் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் என்னை உட்கார வைத்த நாத்தனார் அன்றைக்கு என்ன நிறம் கட்டியிருந்தாள் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவள் நான். நான் மறந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அதைத்தான் நான் யோசிக்கவில்லை. பழி யார் மேலும் விழாமல் ஆறிப்போகும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே இருந்த ஒவ்வொருத்தரும், மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல் கிழவி மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். என் பொய்யே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. என் மகள் உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு கடையை விட்டே இறங்கிப் போனீர்கள். துடைத்த துணி நான் கிழித்துப் போட்டது.

ஏன் செய்தேன் என்றால், இதற்கு முன் அவன் எடுத்த தொழில் எல்லாம் படுத்துவிட்டது, கடையும் போனால் அவ்வளவுதான் என்று பயம். உங்களுக்குக் கையில் தொழில் இருக்கிறது, எங்கேயும் பிழைத்துக்கொள்வீர்கள். அவனுக்கு வாய் மட்டும்தானே இருக்கிறது. இதை எழுதும்போதே கூசுகிறது. கெட்டிக்காரன் என்பதற்காக ஒருத்தர் தலையில் மண்ணைப் போடுவார்களா?

அதன் பிறகு எனக்கு நல்ல பெயர் கிடைத்தது, மாப்பிள்ளை. தெருவே என்னை மெச்சியது. எனக்காகத்தானே மறைச்சீங்கன்னு என் மகள் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்கள் செய்ததை ஒத்துக்கொண்டால்தான் உங்களோடு வாழ்வேன் என்று பிடிவாதமாக இருந்தாள். என் மகன் ஸ்டூலுக்கு மெத்தை தைத்துப் போட்டான். அதிலும் உட்கார்ந்தேன்.

போன வாரம் ரொட்டி வாங்கப் போனேன். உள்ளே அவர் ஒரு கையை வைத்துக்கொண்டு மாவோடு போராடிக்கொண்டிருந்தார். மற்றக் கை இன்னும் தூக்க வரவில்லை. அவர் மனைவி என் காசை வாங்க மாட்டேன் என்றாள். உங்களை மாதிரி மாமியார் யாருக்கு அமையும் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லி, சூடான ரொட்டியைக் கையில் வைத்தாள். கை சுட்டது. அங்கேயே சொல்லிவிட்டேன். எருமை எங்கே, ஊமை எங்கே, நடுவனை யார் வைத்திருந்தார், ஸ்டூலில் ஏறியது யார், காலைப் பிடித்தது யார், எல்லாம். அவள் என்னைத் திட்டவில்லை. ரொட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்து யாரு என்று வரிசையைப் பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். அவள் அதன்பின் என்னோடு பேசவில்லை. நேற்றுப் பெட்டி கட்டினாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். குழந்தையோடு உங்கள் வாசலில் நிற்பாள். அவள் உங்களைச் சந்தேகப்பட்டது என் நாக்கை நம்பி. அவளை வெளியே நிற்க வைக்காதீர்கள், உள்ளே கூப்பிடுங்கள். நீங்கள் மூவரும் நல்லா இருக்க வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வரும்போது வாசலிலேயே நிறுத்தி உண்மையைச் சொல்லி அனுப்புகிறேன். என் மகன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கடை படுத்தால் படுக்கட்டும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நான் ஒருத்தரை மன்னிக்கப் போவதில்லை. என்னைத்தான் சொல்வேன் என்று நினைப்பீர்கள். அது சுலபம், தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவள் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். ரம்பத்தை மாற்றிக் கொடுத்தது அசட்டுத்தனம், அதை விட்டுவிடலாம். பயத்தில் பொய் சொன்னான், பெற்றவள் அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் ஞாபகம் இல்லை என்று சொன்ன அந்த நிமிஷம் எல்லார் முகத்திலும் திகைப்பு இருந்தது, அவன் முகத்தில் மட்டும் இல்லை. நான் அப்படித்தான் சொல்வேன் என்று அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அதற்காக மன்னிக்க மாட்டேன், என் மகனை.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்