செட் ஆயிடும் மாமே

இன்று குமணன்சாவடியில் ஒரு டீ.வி. செட் வாங்கினேன் மாமே. பழையதுதான். கடைக்காரர் அதை என் சைக்கிள் கேரியரில் வைத்து, கிழிந்த டியூப் துண்டால் இழுத்துக் கட்டினார். ரப்பர் நீண்டு கொக்கியில் மாட்டியதைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவுத்துடுங்க!" என்று கத்தினேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இங்கிலீஷில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத உனக்கு 'செட்' என்ற அந்த ஒரு சொல் எங்கே கிடைத்ததோ! அம்பத்தூர் பட்டறையில் பிரஸ் மெஷினுக்கு அச்சு மாட்டுவது செட்டிங்; அது உன் வேலை. டீக்கடையில் கூடும் நாலு பேர் நம்ம செட்டு. என் கல்யாணம் நிச்சயமானபோது, செட் ஆயிடுச்சு என்று ஊரெல்லாம் சொன்னாய். புதுச் செருப்பு கடித்தாலும் மாமியார் கடித்தாலும், "ரெண்டு நாள்ல செட் ஆயிடும் மாமே" என்பாய்.

அதே பட்டறையில் நான் ஓட்டிய பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று நான் ஒரு பட்டனை அழுத்தியபடியே சைக்கிள் டியூபால் கட்டி வைத்திருந்தேன். அது உனக்குத் தெரியாது. நீ குனிந்து அச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிய நான், பழக்கதோஷத்தில் மற்ற பட்டனைத் தட்டிவிட்டேன்.

உன் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நீ அலறக்கூட இல்லை. வலது கையால் அந்த டியூபை உருவி உன் பாக்கெட்டில் திணித்தாய். சூப்பர்வைசர் ஓடி வந்ததும், "செட்டிங் மிஸ்டேக் சார். எம்மேலதான் தப்பு" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை தப்பியது. உன்னை வாட்ச்மேனாகக் கேட்டில் உட்கார வைத்தார்கள். மிச்சமிருந்த மூன்று விரலால் டீ கிளாஸைப் பிடித்துக் காட்டி, "பாத்தியா, செட் ஆயிடுச்சு" என்று சிரித்தாய்.

போன மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்ததும் திருமுல்லைவாயில் வீட்டில் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தாள்.

"தெரியும்ணா. அன்னிக்கே பேண்ட்டு தொவைக்கசொல்ல டியூபு இருந்துச்சு. கேட்டேன், சொல்லிட்டாரு. அவன் புள்ளகுட்டிக்காரன், அவனாண்ட ஒண்ணும் கேட்டுக்கினு இருக்காதன்னாரு."

பத்து வருஷம்! தெரிந்துகொண்டேதானா தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு இலை போட்டாள்? ஒரு நாளாவது முகம் கோணினாளா? நீ அன்றைக்கே என்னை நாலு அறை விட்டிருக்கலாம் மாமே.

எல்லாம் செட் ஆகும் என்பாய். இது எனக்கு ஆகவில்லை. சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு, டீ.வி.யைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் ஒருவர், "அண்ணாத்தே, ஒரு கை புடிக்கட்டா?" என்றார்.

"வேணாம்பா" என்றேன். "எனக்குப் பத்து வெரலும் கீது."