எலுமிச்சை இருந்த இடம்

ஜூலை 4, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை. வீட்டு முன்னால் தோட்டத்துக்கு மண் சமன் செய்யும் வேலை. மனைவி வசந்தாவின் தம்பி குமரேசன் அமிர்தியிலிருந்து தன் டிராக்டரோடு வந்தான். கூலிப் பேச்சை எடுத்தாலே முறைக்கிறான்.

வாங்க வேண்டியவை: கொய்யா 2, சீத்தா 1, இட்லிப்பூ வேலி ஓரம் முழுக்க, ஓஸ் பைப்.

வசந்தா பல் டாக்டரிடம், போளூர். கேட்டிலிருந்து நேராகக் கார் வர வழி வேண்டும். நடுவில் அவளுடைய எலுமிச்சை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது குமரேசன் கொடுத்த கன்று. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இது வெறும் மனையாக இருந்த காலத்தில் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். இந்த வருஷம்தான் முதல் பூ.

குமரேசன் வண்டியை நிறுத்தினான். "மாமா, அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"கேட்டாச்சு. நீ தள்ளு."

கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவனை வரச் சொன்னேன்.

மாலை 4 மணி. வசந்தா கேட்டிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பழைய ஓஸ் பைப்பைப் பார்த்தேன்.

"மண்ணு தள்றப்ப கவனிக்கலக்கா" என்றான்.

நான் பைப்பைச் சுருட்டினேன். சமைத்து வைத்திருந்ததைச் சாப்பிடாமலே போனான்.

ஜூலை 5, சனி

லேசான தூறல். வேலூரிலிருந்து மகள் நித்யா காரில் வந்தாள். நேர்வழியில் நிறுத்தினாள். "சூப்பர்ப்பா" என்றாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

குமரேசன் இன்றும் வந்தான். எருவும் கொய்யாக் கன்றுகளும் கொண்டுவந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வெளிக் குழாயில் தண்ணீர் குடித்தான். டீயை நித்யா கையில்தான் கொடுத்தனுப்பினாள் வசந்தா.

சமையலறையில் அவள் குரல்: "மூணு ஏக்கர் உழுவுறவனுக்கு ஒரு செடி கண்ணுக்குத் தெர்ல!" வெளியில் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

குழி எடுக்கும்போது மெல்லச் சொன்னேன். "மச்சான், நானே சொல்லிட்றேன்."

"வேணா மாமா. எம்மேல கோவம்னா நாலு நாள்ல போய்டும். உங்க மேலன்னா வூட்டுக்குள்ளயே கெடக்கும்."

மனசு லேசாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, எழுதவே. கொய்யா இரண்டும் நட்டாயிற்று. மத்தியானம் கை கழுவிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கிளம்பினான்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். நித்யாவும் நானும் சீத்தாக் கன்றும், வேலி ஓரம் இட்லிப்பூவும் நட்டோம். முதுகு வலி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தோட்டம் ஷோக்கா கீது சார்" என்றார்.

சாயந்திரம் நித்யா ஊருக்குக் கிளம்பியதும் குமரேசன் மனைவி போன் செய்தாள். வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காதுகுத்து, அத்தை முதல் நாளே வர வேண்டும் என்று.

"நான் வர்ல" என்றாள் வசந்தா. "உன் வூட்டுக்காரனாண்ட சொல்லிடு." வைத்துவிட்டாள்.

அதற்கு மேல் முடியவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது, நான் பொய் சொன்னது, அவன் ஏற்றுக்கொண்டது. எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"செடி போனா போவுது. நேத்து அவன் வாசல்ல நின்னானே, அக்கா சாப்புட கூப்புடும்னு. உள்ளருந்து பாத்துனுதான் இருந்தேன். கூப்புடல. அத இன்னா பண்றது?"



ஜூலை 7, திங்கள்

காலை 6 மணி. மேகமூட்டம். இருவரும் வண்டியில் அமிர்தி. வழியில் ஓரிடத்தில் குரங்குக் கூட்டம். நிறுத்தினேன். அவள் மறுபக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குமரேசன் வாசலில் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி எதிரிலேயே சொன்னேன்: "நான்தான் தள்ளச் சொன்னேன். அக்காவக் கேட்டாச்சுன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் தலை நிமிரவில்லை. "இன்னாத்துக்கு மாமா இதெல்லாம்" என்றான். கண் சிவந்திருந்தது. வசந்தா அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டாள். "வா, வந்து சாப்புடு." அவளே பரிமாறினாள். அவன் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கும் இலை போட்டார்கள். உட்கார மனம் வரவில்லை.

"காதுகுத்து முடிஞ்சு வர்றேன். செடிக்குத் தண்ணி வுடுங்க" என்றாள் என்னிடம். நேற்று சாயந்திரத்திலிருந்து என் முகம் பார்த்துச் சொன்னது இது ஒன்றுதான்.

தனியாகத் திரும்பினேன். கொய்யா, சீத்தா, வேலி, எல்லாவற்றுக்கும் தண்ணீர் விட்டேன்.

மத்தியானம் 2 மணி. குமரேசன் போன். "மாமா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு" என்றேன்.

பிறகு, "இல்ல மச்சான். இன்னும் இல்ல."