ஜின் கதையில் கரிந்த ஆணம்

2015 ஓகஸ்ட் 9, ஞாயிறு

கச்சான் காற்று ஓயவில்லை. என் புருஷன் கடலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறார். பத்திரிகைகூடப் புரட்டாத மனுஷன். ஒரு ஜின் மனிதப் பெண்ணைக் காதலிக்கும் நாவலை நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்தபோது, “இதெல்லாம் ஒரு கதையா?” என்று சிரித்தார். நேற்றுப் பொழுது போகாமல் கையில் எடுத்தவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

இன்று அடுப்பில் இருந்த மீன் ஆணத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு உம்மா வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை. இவர் கிணற்றடியில் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஆணம் கரிஞ்சு போச்சே!”

“அத உடு புள்ள. அந்த ஜின்னு அவள உட்டுட்டுப் போயிருமா?”

பாணும் சம்பலும்தான் பகல் சாப்பாடு. பாதியில் திடீரென்று கேட்டார்: “நான் ஒரு ஜின்னா இருந்தா என்னக் கட்டியிருப்பியா?”

“இருட்டினதும் காணாமப் போறீங்க. விடிய உப்பு மணத்தோட வந்து நிக்கிறீங்க. நீங்க மனுசன்தானெண்டு எனக்கு யாரு சொன்ன?”

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டேன். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் இப்படியொன்று கேட்டதேயில்லை. இரவு அவர் படுத்ததும் தூங்கிவிட்டார்; எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.