மாப்பிள்ளை சாப்பிடவில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கிண்ணத்தில் வைத்தது வைத்தபடி. ஓரம் காய்ந்து ஏடு கட்டிவிட்டது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது தங்கை என்னிடம் ஒப்படைத்தது இந்த ஒரு ஜீவனைத்தான். கண்ணாடிப் பெட்டியின் மேல் 'க்ரெஸ்டட் கெக்கோ' என்று ஒட்டியிருக்கிறது. அம்மாவுக்கு அது பல்லி. தங்கைக்கு மாப்பிள்ளை. "கேட்டுக்கிட்டே இருந்தியே, இந்தா மாப்பிள்ளை வந்தாச்சு" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிய அன்றிலிருந்து அதுதான் பெயர்.

அங்கே ஒருத்தி சாப்பிடாமல் படுத்திருப்பது போதாதா? இவனுமா?

மார்ச் 4, புதன்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பசி டானிக் வாங்க வந்தவர் "கண்டிப்பா பசிக்குமா?" என்று கேட்டார். "பசிக்கும்" என்றேன். என் வாய்க்குக் கூச்சமே இல்லை.

சாயங்காலம் மருத்துவமனை. தங்கைக்குப் பசி இல்லாமலில்லை, சாப்பாட்டைக் கண்டால் பயம், அதுவும் ஒரு நோய்தான் என்று டாக்டர் மறுபடி விளக்கினார். அம்மா மறுபடி "பிடிவாதம்" என்றாள். என்னைக் கண்டதும் தங்கை கேட்டது ஒன்றுதான்.

"மாப்பிள்ளை சாப்பிட்டானா?"

சாப்பிட்டான் என்றேன். வாய் தவறி வந்த பொய் இல்லை, யோசித்துச் சொன்ன பொய். கேட்டுவிட்டு அவள் சூப்பில் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

சாப்பிட்டான் என்றேன். அவள் ரொட்டியில் ஒரு விள்ளல் எடுத்தாள்.

மார்ச் 7, சனி

அவனுடைய சாப்பாடு ஒரு மாவு. பழம், பூச்சி, சத்துகள் எல்லாம் சேர்த்துப் பொடித்தது. தண்ணீரில் குழைத்து வைத்தால் நக்கித் தின்பான் என்று சொல்லியிருந்தாள். கெட்டியாகக் குழைத்துப் பார்த்தேன். வாழைப்பழம் மசித்துச் சேர்த்தேன். தேன் விட்டேன். குளிர்கிறதோ என்று மேசை விளக்கைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தேன். சும்மா சும்மா டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாக்கால் தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், என்னைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்பதுபோல.

இடுப்பெலும்பு தெரிகிறது. இதே மாதிரி இடுப்பெலும்பை வேறு எங்கே பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "நான் நாய், பூனை பாக்குறவன்மா. இதுக்கு எங்க ஊசி போடணும்னே தெரியாது" என்றார். நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. "சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா தாடை தொளதொளன்னு ஆயிடும்னு படிச்சிருக்கேன். இதுக்குத் தாடை கெட்டியாத்தான் இருக்கு. சிரிஞ்சுல எடுத்து உதட்டுல லேசா தடவிப் பாருங்க, நக்கிக்கும். கட்டாயப்படுத்தாதீங்க."

மார்ச் 10, செவ்வாய்

வாலை விட்டுவிட்டான்.

என் கையில்தான். ஒரு கையில் சிரிஞ்சு, மறு கையில் அவன். வாயைத் திறக்கவே மாட்டேன் என்றான். "தின்னுடா, தின்னு தொலைடா, உன்னால அவ செத்துடுவாடா" – கத்தினேன். ஆமாம், ஒரு பல்லியைப் பார்த்துக் கத்தினேன். இறுக்கிப் பிடித்திருப்பேன். வால் தனியாகத் தரையில் கிடந்து துடித்தது. அவன் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டான். இந்த இனத்துக்கு வால் மறுபடி வளராதாம்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். வாலைக் காகிதத்தில் மடித்தாள். பிறகு திரைச்சீலையை மெல்ல விலக்கி, அவனை ஒரு டப்பாவுக்குள் ஏற்றிப் பெட்டியில் விட்டாள். பல்லி என்றால் நாற்காலி மேல் ஏறுகிறவள்.

நான் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன்?

மார்ச் 11, புதன்

வாலோடு இருக்கும் பழைய போட்டோவைக் காட்டினேன். தங்கை பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது நான் எடுத்த போட்டோக்கா." சூப்பைத் தொடவில்லை.

மார்ச் 12, வியாழன்

தண்ணீரும் வேண்டாம் என்கிறாளாம். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார்கள். அம்மா நடைபாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி வலித்தது. வலிக்கட்டும். என் பொய்தான். நான்தான். அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? யாரைக் கேப்பேன்?

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். பொய், தேன், சிரிஞ்சு, வால், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இறுக்கிப் பிடிச்சியா?"

"ஆமாடி."

"நானா இருந்தாலும் வாலை விட்டுட்டுத்தான் ஓடியிருப்பேன்."

சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை. பிறகு மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். விளக்கை எடுத்துவிட வேண்டும், அவனுக்குச் சூடு ஆகாது. மாவைத் தண்ணீராகக் கரைக்க வேண்டும். தேன், வாழைப்பழம் கூடாது, அந்த ருசி கண்டால் மாவைத் திரும்பிப் பார்க்க மாட்டான். மரத்தில் வாழ்கிறவனுக்குத் தரையில் கிண்ணம் வைத்தால் எப்படி, உயரத்தில் மாட்டு. இலைகளில் தண்ணீர் தெளி. பெட்டியைச் சுற்றித் துணி போட்டு மூடு.

"அப்புறம்?"

"அப்புறம் போயிடுக்கா. டார்ச் அடிக்காத. யாராவது மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எப்படிக்கா இறங்கும்?"

அம்மா கட்டில் ஓரத்தில் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

மார்ச் 14, சனி

சொன்னபடி செய்தேன். பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா?

மார்ச் 15, ஞாயிறு

கிண்ணம் அப்படியே. அவளுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். "சாப்பிட்டானா?" என்றாள். இல்லை என்றேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புதிதாகக் கரைத்து வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 17, செவ்வாய்

கிண்ணத்தின் நடுவில் ஒரு குழி! சுற்றிலும் சின்னச் சின்ன நாக்குத் தடம். கண்ணாடியில் ஒரு புழுக்கை. பல்லிப் புழுக்கையைப் பார்த்து அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"சீ, அசிங்கம்" என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "இன்னும் கிட்டத்துல எடுத்து அனுப்பு."

மார்ச் 22, ஞாயிறு

குழாய் இன்னும் மூக்கில்தான். ஆனால் இன்று சாப்பாட்டுத் தட்டு வந்ததும் தங்கை நர்ஸிடம் என்னவோ கேட்டாள். "நான் பாக்காம இருக்க முடியாது, அது என் வேலை" என்றாள் நர்ஸ். "இவங்க பாக்க வேணாம், அவ்வளவுதானே?" எங்கள் இருவரின் நாற்காலிகளையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

அம்மாவும் நானும் வகுப்பில் தண்டனை வாங்கின பிள்ளைகள்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு சத்தமும் இல்லை. அம்மா என் காதருகே, "எடுக்கறாளாடி?" என்றாள். "பேசாம இரும்மா." என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஸ்பூன் தட்டில் இடித்தது. மறுபடி. மறுபடி. அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல் ஒரு விசும்பல், அதன் பின்னால் பெரிதாக மூக்கை உறிஞ்சும் சத்தம்.

பின்னாலிருந்து குரல் வந்தது. வாயில் சோற்றோடு பேசுகிற குரல்.

"மூக்கை உறிஞ்சாதம்மா. இங்க ஒருத்தி சாப்பிட்டுட்டிருக்கேன்ல."