குஞ்சின் கழுத்தில் கிடந்த பை

மச்சான்,

உன் கமராப் பையை இன்று திறந்தேன். திறந்த கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டேன். லென்ஸுக்குக் கீழே முட்டுக் கொடுக்க நீ ஒரு தலையணை வைத்திருந்தாயே, மருதமுனையில் உன் வீட்டுத் தறியில் நெய்த சாரனை வெட்டி, நெல்லை அடைத்து, கோணல் மாணலாகத் தைத்தது, அது மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. ஆற்றுச் சேறும் ஊறிய நெல்லும் வியர்வையும் கலந்த நாற்றம். நீ மௌத்தாகி ஒரு வருடம் ஆகப் போகிறது, உன் நாற்றம் மட்டும் இன்னும் வாட்டசாட்டமாக இருக்கிறது. சிரித்தேன். பிறகு ஸ்டூடியோக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அதை உனக்குச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பையைத் திறந்ததற்குக் காரணம் அந்த நாரைப் படம். அது இருந்த மெமரி கார்ட்டைத் தேடினேன். அந்த ஒரு படத்தால் கல்முனையில் பாதிப்பேர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நம் கடையில் வேலை எப்போதும் இரண்டாகத்தான் பிரிந்திருந்தது. நீ எடுப்பாய், நான் அழிப்பேன். மணப்பெண்ணின் கன்னத்தில் பரு, மாப்பிள்ளையின் தலைக்கு மேலே தொங்கும் வயர், பின்னால் நின்று கொட்டாவி விடும் மாமா, உடைந்த பிளாஸ்டிக் கதிரை, எல்லாம் என் கணினியில் மாயமாகும். அதில் நான் கெட்டிக்காரன், அதைச் சொல்வதிலும் வெட்கம் இல்லை. நீயோ கலியாண வீட்டிலும் குருவி பார்க்கிற ஆள். பாலமுனையில் மாப்பிள்ளை மாலையோடு வியர்த்து வழிந்துகொண்டு நிற்க, நீ கமராவை அவர் தலைக்கு மேலே தூக்கி வயரில் இருந்த மீன்கொத்தியைச் சுட்டுக்கொண்டிருந்தாய். "டேய், காசு தாறது மாப்பிள்ளையா, குருவியா?" என்று மாப்பிள்ளையின் வாப்பா கத்தியது வீதி வரைக்கும் கேட்டது. "கொஞ்சம் பொறுங்க, மாப்பிள எங்கயும் பறக்கமாட்டார்" என்றாய் நீ. நான்தான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கலியாணப் படத்தில் எதை அழித்தாலும் உனக்குக் கவலை இல்லை. ஆனால் உன் குருவிப் படத்தில் ஒரு காய்ந்த சுள்ளியை எடுத்ததற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாய். மூன்றாம் நாள் பால் போடாத பிளேன்ரீக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாய்: "பொண்ணு கேட்டா அழி, மாப்பிள கேட்டா அழி. குருவி உன்னட்டக் கேட்டுச்சா?"

சுள்ளியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாரைக் கூட்டை நீ கண்டுபிடித்தது சவளக்கடைப் பக்கம் போகும் வழியில், நீரில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடி அடைத்துக் கிடக்கும் இடத்துக்கு அப்பால், தண்ணீருக்குள் நிற்கும் கண்ணா மரங்களில். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனோம். கரையில் குப்புறக் கிடந்து, நெல்லுத் தலையணையில் லென்ஸை வைத்து நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் கையிலும் காலிலும் கடிக்கும் நுளம்புக்கு அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நீ ஒரு கெட்ட வார்த்தை சொன்னாய். தொழுதுவிட்டு வந்த வாயால் நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு படத்தை எடுத்துவிட்டுக் கமராவை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். சாம்பல் நாரைக் கூடு. சுள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு சொப்பிங் பேக். அதன் கைபிடிக்குள் ஒரு குஞ்சின் தலை நுழைந்து, பை கழுத்தில் மாலைபோலக் கிடந்தது. மறுபக்கம் சுள்ளியில் சிக்கியிருந்தது. தாய் மீனோடு வந்து குனியும்போதெல்லாம் குஞ்சு எட்டும், பை பின்னால் இழுக்கும், மற்றக் குஞ்சுகள் மீனைப் பறித்துவிடும். பையில் எழுதியிருந்த பெயரும் தெளிவாகத் தெரிந்தது. கல்முனையில் நாம் எல்லோரும் பெருநாளைக்கு உடுப்பெடுக்கும் புடவைக்கடையின் பெயர்.

"மச்சான், கமராவப் புடி."

"எங்கடா போறாய்? கூட்டுக்குக் கிட்டப் போகப்படாதெண்டு நீதானே எல்லாருக்கும் சொல்றது. தாய் பயந்து போயிட்டா காகம் வந்து மிச்சம் வைக்காது."

"ஓம், சொன்னேன்தான். ஆனா அந்தப் பேக்க காகமா கொண்டுபோய்ப் போட்டது? நாம போட்டத நாமதான் எடுக்கணும்."

முதலை கிடக்கும் ஆறு மச்சான் அது. நீ சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு சேற்றில் போனாய். நான் கரையில் நின்று தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன், இடையிடையே உன்னைத் திட்டினேன். மரத்தில் தொற்றி ஏறி, சாவிக் கோர்வையில் இருந்த சின்னக் கத்தியால் கைபிடியை அறுத்தாய். அந்தக் குஞ்சு நன்றி சொன்ன விதம் உனக்கு மறந்திருக்காது. வயிற்றில் இருந்த பாதி செமித்த மீன் முழுவதையும் உன் முகத்திலும் தாடியிலும் கக்கியது. "பாத்தியா, விருந்தாளிக்கு மரியாத செய்றான்!" என்று நீ மரத்தில் இருந்து கத்தினாய்.

கரைக்கு வந்தபிறகு நீ சிரிக்கவில்லை. தூரப்போய்ப் பற்றைக்குப் பின்னால் இருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். தாய் வரவில்லை. ஒரு காகம் வந்து பக்கத்துக் கொப்பில் குந்தியது. நீ என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. கடைசியில் தாய் வந்து இறங்கி, அந்தக் குஞ்சு எட்டி மீனை வாங்கியபோது நீ மூக்கை உறிஞ்சினாய். கேட்டதற்கு, மீன் நாற்றம் என்றாய். அந்த நாற்றத்தோடு என் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் வீடுவரை வந்தாய், பாவி.

உன் ஜனாஸாவுக்குப் பிறகுதான் ஊருக்கு உன் அருமை தெரிந்தது. குருவிப் பைத்தியம் என்று சொன்ன வாய்களே "எங்கட ஊருப் பொக்கிஷம்" என்றன. இளைஞர் கழகம் உன் படங்களைக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் மண்டபத்தில், நம் ஆட்களின் கண்ணுக்கு முன்னால் உன் படங்கள் ஒருநாளாவது தொங்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? மண்டபம், படச்சட்டம், பேனர் எல்லாம் ஒரு ஹாஜியார் பொறுப்பெடுத்தார். அந்தப் புடவைக்கடை ஹாஜியார்தான்.

நல்ல மனிதர், அதை மறைக்கமாட்டேன். நோன்பு மாதத்தில் உன் வீட்டுக்கு அரிசி அனுப்பியவர். படங்களைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒவ்வொன்றுக்கும் "மாஷா அல்லாஹ்" சொன்னார். நாரைப் படம் வந்ததும் பையில் இருந்த பெயரை விரலால் தொட்டார்.

"தம்பி, இந்தப் பேக்க மட்டும் எடுத்துடுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிச வேல."

"ஹாஜியார், பேக்க எடுத்தா இதில என்ன இரிக்கு?"

"குஞ்சு இரிக்கே. வடிவான குஞ்சு. ஊரில எத்தின கட பேக் குடுக்குது, எங்கட பேர்தானா உங்களுக்குக் கிடச்சது?"

"பேர நாங்க தேடிப் போகல்ல. அந்த நாரதான் பொறுக்கிட்டு வந்திரிக்கு."

அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப அந்தப் படம் வேணாம். பேக்க அழிங்க, இல்லாட்டி படத்த விடுங்க. ரெண்டும் ஏலாதெண்டா கண்காட்சிய நீங்களே பாத்துக்கங்க" என்று எழுந்து போனார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

சொன்னால் நம்பமாட்டாய், கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். ஒரு படத்துக்காக உன் முழுக் கண்காட்சியையும் கெடுப்பதா என்று யோசித்தேன். உண்மையில் அது இரண்டு நிமிட வேலைதான். அப்போதுதான் எழும்பி உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்காட்சி நடக்க வேண்டும் என்று என்னைவிட அவவுக்கு ஆசை. சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கூடப்பிறந்த அண்ணனைப்போல எப்போதும் என்னை நானா என்று கூப்பிடுகிறவ, அப்படியே கூப்பிட்டுச் சொன்னா.

"அண்டைக்கு இவர் வந்து நிண்ட கோலம் உங்களுக்குத் தெரியும்தானே நானா? மூண்டு தரம் சவர்க்காரம் போட்டும் நாத்தம் போகல்ல. அந்தப் பேக்க அவர் உயிரப் பணயம் வச்சு குஞ்சிர கழுத்தில இரிந்து எடுத்தார். எடுக்க வேண்டிய இடத்தில எடுத்தாச்சு. இனிப் படத்தில இரிந்து எடுக்க என்ன இரிக்கு? அப்பிடி எடுத்தா இவர்ர பேர அதில போடாதீங்க."

உனக்கேற்ற மனைவிதான். நீ இருக்கும்போது அதை நான் ஒருநாளும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பையை அழிக்கவும் இல்லை, படத்தை ஒதுக்கவும் இல்லை, கண்காட்சி நடக்கவில்லை. மண்டபத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உடுப்பெடுக்க வரும் கலியாண வீட்டாரிடம் நம் ஸ்டூடியோவின் பெயரைச் சொல்வதை அந்தக் கடை நிறுத்திவிட்டது. வேலை குறைந்திருக்கிறது. குறையட்டும்! எத்தனையோ மாப்பிள்ளைகளின் மூக்கை நேராக்கிவிட்டேன், கொஞ்சம் ஓய்வு எடுத்தால் என்ன?

நம் கடைவாசல் கண்ணாடி அலமாரியில் இருந்த மணப்பெண் படத்தைக் கழற்றிவிட்டு நாரைப் படத்தைப் போட்டேன். உள்ளதை உள்ளபடி. கீழே உன் பெயர், வேறு ஒரு எழுத்தும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும் சனம் வந்து பார்க்கிறது. "யா அல்லாஹ், இந்தக் குஞ்சுக்கு என்ன நடந்த?" என்று கேட்காத பெண் இல்லை. நான் கதையைச் சொல்கிறேன், கக்கியது வரைக்கும் சொல்கிறேன். அந்தக் கடையின் பெயரை என் வாயால் நான் சொல்வதில்லை. அதை அவர்களே வாசித்துக்கொள்கிறார்கள்.

போன கிழமை ஹாஜியார் திரும்ப வந்தார். கோபம் ஆறியிருந்தது. இந்த முறை அழிக்கச் சொல்லவில்லை. "கொஞ்சம் சின்னதா எண்டாலும் போடுங்களேன் தம்பி, பஸ்ஸுக்குள்ள இரிந்தே வாசிக்கிறாங்க" என்றார். பாவமாகத்தான் இருந்தது. "ஓம் ஹாஜியார், அளவு சரியில்லத்தான்" என்றேன். பிளேன்ரீ கொடுத்து அனுப்பினேன். இன்று அந்த மெமரி கார்ட்டைத் தேடியெடுத்தது அதற்காகத்தான், முழு அளவுப் படம் அதில்தான் இருந்தது.

உன் கமரா உன் வீட்டுக்குப் போகும். எனக்கென்று நீ விட்டுப்போனது அந்தச் சிவப்புப் பையைக் கண்டதும் உனக்கு வந்த கோபம் ஒன்றுதான், அது அடங்கட்டும் என்று நான் துஆக் கேட்கவில்லை. படம் இப்போது அச்சில் இருக்கிறது மச்சான். நாளைக்கு அலமாரி போதாது, கடை முகப்பு முழுவதும் வரும்.