பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

என் பிரியமான சின்னம்மா,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கு இங்கே சுவிஸில், ஷ்லீரன் ஊர் மண்டபத்தில் முடிந்தது. கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. இருந்திருந்தால் நீங்கள்தான் முதலில் சொல்லியிருப்பீர்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. காரணத்தை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கோடை விடுமுறையில், நீங்கள் படமெடுக்கப் போன பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவுக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். கிராமத்துப் பெண்கள் இடுப்பளவு கடலில் நின்று, தண்ணீரைக் கையால் அறைந்து பாடுவதை நீங்கள் பெரிய கமராவில் எடுத்தீர்கள். சின்னக் கமரா என்னிடம். அதன் சிவப்பு விளக்கு அவர்கள் கண்ணை இழுக்கிறது என்று உங்கள் ஒட்டுப்பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டினீர்கள். கமரா ஓடுகிறதா என்பது அதன்பிறகு எனக்கு மட்டுமே தெரியும்.

கடைசி நாள், இறந்துபோன தன் மகளுக்காகக் கட்டிய பாட்டைப் பாடப்போவதாக அந்தப் பெண்களில் ஒருவரான மேரி சொன்னார். அது நம் காதுக்கு மட்டும், கமராவுக்கு அல்ல என்றார். நீங்கள் உங்கள் கமராவை உடனே நிறுத்தினீர்கள். நான் நிறுத்தவில்லை. இனி எப்போது கேட்போம் என்ற ஆசை.

"சின்னம்மா எடுத்த படம் ஏதும் இருக்கோ?" என்று மண்டபத்தில் அப்பா கேட்டபோது, அந்தப் பதிவைத்தான் நீட்டினேன். உங்களுக்குப் பொருத்தமான பாட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எப்போதும் பாட்டு தொடங்கும் இடத்திலிருந்துதான் கேட்பேன். அப்பா முதலிலிருந்து போட்டுவிட்டார். ஒலிபெருக்கியில் உங்கள் குரல்.

"பிள்ளை, நிப்பாட்டிட்டியோ?"

"ஓம் சின்னம்மா."

பிறகு நீங்கள் மேரியிடம் ஆங்கிலத்தில், எதுவும் ஓடவில்லை, பயப்படாமல் பாடுங்கள் என்கிறீர்கள்.

மண்டபம் சிரித்தது. "கள்ளி! சின்னம்மாவையே பேய்க்காட்டிப் போட்டாள்!" என்றார் பின்வரிசையில் ஒரு மாமா.

அம்மா சிரிக்கவில்லை. பாட்டு தொடங்குமுன் மடிக்கணினியை மூடினார். "அந்த மனிசி உங்களை நம்பியெல்லோ பாடினவ?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வாக்கை நான் பொய்யாக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களிலாவது சொல்லியிருக்கலாம். கோபிப்பீர்கள் என்று பயந்தேனா, அழிக்கச் சொல்வீர்கள் என்று பயந்தேனா?

நடந்ததை அப்படியே எழுதி, இன்று மேரிக்குத் தபாலில் போட்டேன். அவர் அழிக்கச் சொன்னால் அம்மாவின் முன்னால் அழிப்பேன். மற்றப் படங்களில் எல்லாம் நீங்கள் கமராவுக்குப் பின்னால் பேசாமல் நிற்கிறீர்கள். இதில் மட்டும்தான் என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடுகிறீர்கள். அப்படியிருந்தும் அழிப்பேன், சின்னம்மா.

சின்னக் கமராவின் விளக்கை மறைத்த பொட்டை உரித்துவிட்டேன்.

உங்கள் பெறாமகள்,
ஆரணி